கொல்லன் தெருவில் கத்தி வாங்கிய கதை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். தள்ளுபடியில் மடக்குக் கத்தி வாங்குவது எப்படி என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போகலாம். ஆனால் பாடத்தை விட்டுவிட்டு வினா விடையை மட்டும் படித்தவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

போன வாரம் என் தங்கை மகன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான்.

"மாமா, ஆடித் தள்ளுபடியில மடக்குக் கத்தி ஒண்ணு 70 சதவீதம் குறைச்சுப் போட்டிருக்கான். ஊருக்கு வந்தா தோட்டத்துல எதுக்காச்சும் ஆகும். நீங்கதான் கொல்லிமலையில அத்தனை வருசம் இருந்தீங்களே, கத்தியப் பத்தித் தெரியுமில்ல? வாங்கட்டுமா?"

"ரெண்டு நாள் பொறு மாப்பிள்ளை, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். ஒரு கத்திக்கு இரண்டு நாள் யோசனையா என்று சிரித்தான். அவனுக்குச் சொல்லாத காரணம் ஒன்று என் மேசை இழுப்பறையில் இருந்தது. அதுவும் ஒரு மடக்குக் கத்திதான். ஏறக்குறைய நாற்பது வருடமாக என்னிடம் இருக்கிறது. ஆனால் அது என்னுடையது அல்ல.

நான் மலைக்கு மாற்றலாகிப் போனது 1984-இல். அப்போது நாமக்கல் தனி மாவட்டம் ஆகவில்லை. 1997 வரை நாமெல்லாம் சேலம் மாவட்டம்தான். காரவள்ளியில் பஸ் ஏறி 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போய் இறங்கும்போது தலை சுற்றும். சமவெளியில் வளர்ந்த எனக்கு மலையில் எல்லாமே புதுசு. முக்கியமாக ஒன்று கண்ணில் உறுத்தியது: ஒன்பது, பத்து வயதுப் பையன்கூட இடுப்பில் ஏதாவது ஓர் இரும்பைச் செருகியிருப்பான். முள் வெட்ட, பலா பிளக்க, வாழைத்தார் இறக்க, மூங்கில் சீவ என்று அவர்களுக்குக் கத்தி ஆறாவது விரல் மாதிரி.

அந்த இரும்புச் சாமான்களைப் பெரும்பாலும் ஆடியில்தான் வாங்குவார்கள். ஆடி 17, 18 இரண்டு நாளும் வல்வில் ஓரி விழா. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கீழ்நாட்டிலிருந்து ஜனம் திரண்டு வரும். கூடவே கடைக்காரர்களும் வருவார்கள். காபியும் மிளகும் விற்ற காசு அதற்குள் கரைந்து போயிருக்கும். பலாப்பழம் விற்ற கடைசிக் காசுதான் கையில் இருக்கும். அதை முடிச்சில் வைத்துக்கொண்டு சாக்கு விரித்த கடைகளில் அரிவாள், களைக்கொட்டு, மடக்குக் கத்தி என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்ப்பார்கள். நகத்தில் வைத்து வாய் பார்ப்பார்கள். காதருகே கொண்டுபோய்ச் சுண்டிச் சத்தம் கேட்பார்கள். "இதென்ன, கத்தி வாங்குகிறார்களா, மாட்டுக்குப் பல் பார்க்கிறார்களா" என்று நான் கேலி செய்திருக்கிறேன். அது கேலி செய்ய வேண்டிய விஷயம் இல்லை என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

1986-இல் ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பு. தொழிற்புரட்சிப் பாடம். கரும்பலகையில் மான்செஸ்டர் - துணி, ஷெஃபீல்டு - கத்தி என்று எழுதிப் போட்டுவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது வரிசையில் ஒரு பையன் மடியில் ஏதோ செய்துகொண்டிருந்தான். போய்ப் பார்த்தால் மடக்குக் கத்தியால் பென்சில் சீவுகிறான். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "கத்தி வச்சிருக்கவன் படிக்கவா வந்திருக்கான்? ரவுடியாகவா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டுப் பிடுங்கிக்கொண்டேன்.

"ஐயா, அது அப்பாவுது" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

"அப்பாவைக் கூட்டிட்டு வந்து வாங்கிக்க" என்றேன். அப்பா வரவில்லை. அரைப் பரீட்சைக்குப் பிறகு அவனும் பள்ளிக்கூடம் வரவில்லை. ஏன் என்று நான் போய்க் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் எனக்குக் கீழே மாற்றல் வந்தது. கத்தி என் டிரங்குப் பெட்டியோடு இறங்கி வந்துவிட்டது.

சரி, இப்போது பாடத்துக்கு வருவோம். அன்று நான் நடத்தியிருக்க வேண்டிய பாடம்.

ரவுடித்தனத்தின் அடையாளம் என்று நான் பிடுங்கிய அந்தப் பொருள், தமிழ்நாட்டில் வாத்தியார் கையிலிருந்த கருவி. பனையோலையில் எழுதிய காலத்தில் எழுத்தாணியில் பல வகை இருந்தன: குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி. இதில் மடக்கெழுத்தாணி என்பது அச்சாக மடக்குக் கத்தி மாதிரியே இருக்கும். மரத்திலோ தந்தத்திலோ மாட்டுக் கொம்பிலோ கைப்பிடி. ஒரு பக்கம் எழுத எழுத்தாணி, மறுபக்கம் ஓலையை வாரக் கத்தி. இரண்டையும் மடக்கிக் கைப்பிடிக்குள் வைத்துக்கொள்ளலாம். உ.வே. சாமிநாதையர் தம்முடைய 'என் சரித்திரம்' நூலில் இதையெல்லாம் விவரமாகச் சொல்லியிருக்கிறார். ஆக, திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கத்தி இல்லாமல் எழுத்தே இல்லை.

மேல்நாட்டிலும் இதே கதைதான். நாம் பேனாக்கத்தி என்கிறோமே, அந்தப் பெயர் எப்படி வந்தது? லத்தீனில் 'பென்னா' என்றால் இறகு. வாத்து இறகைச் சீவித்தான் அங்கே பேனா செய்தார்கள். முனை தேயத் தேய மறுபடி சீவ வேண்டும். அதற்காகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட சின்ன மடக்குக் கத்திதான் பேனாக்கத்தி. ஓலையோ இறகோ பென்சிலோ, எழுதுகிறவன் கையில் ஒரு கத்தி இருந்திருக்கிறது. மூன்றாவது வரிசைப் பையன் அந்த வரிசையில் வந்தவன்தான்.

அடுத்தது எஃகு. இது இன்னும் கிட்டத்துக் கதை.

1790-களில் இந்தியாவிலிருந்து எஃகுக் கட்டிகள் சில லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போயின. அங்கே அதை 'வூட்ஸ்' என்று எழுதினார்கள். கன்னடத்து 'உக்கு', நம்முடைய 'உருக்கு' என்ற சொல்தான் அவர்கள் வாயில் அப்படித் திரிந்தது என்பார்கள். ஜார்ஜ் பியர்சன் என்ற மருத்துவர் அதை ஆராய்ந்து 1795-இல் கட்டுரை படித்தார். இரும்பைச் சோதிப்பதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்தித் தொழிலாளியிடம் கொடுத்து ஒரு பேனாக்கத்தி அடிக்கச் சொன்னார்கள். அங்குள்ள நல்ல எஃகுக் கத்திக்கு அது கொஞ்சமும் குறையவில்லை. அந்த ஸ்டோடார்ட், இந்த எஃகில் மயங்கிப்போய், பின்னாளில் மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து இதே மாதிரி எஃகைத் தாங்களும் செய்ய முடியுமா என்று முயன்றார். 1820-இலும் 1822-இலும் கட்டுரைகளும் வெளியிட்டார்கள். ஆமாம், மின்சாரப் பாடத்தில் வருகிற அதே ஃபாரடேதான்.

இந்த எஃகு செய்த இடங்களில் நம் சேலம் பக்கமும் ஒன்று. நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டியபோது சங்க காலத்து இரும்பு, எஃகு உலைகள் கிடைத்திருக்கின்றன. அந்தத் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நம் பக்கம் உயிரோடு இருந்தது. சேலத்தில் கம்பெனி உத்தியோகம் பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் அதைக் கண்ணால் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். களிமண்ணோடு கருகிய உமியைப் பிசைந்து சின்ன மூசை செய்வார்கள். அதற்குள் இரும்புத் துண்டுகள், ஆவாரங்குச்சி, மேலே ஒன்றிரண்டு எருக்கிலை. வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை உலையில் அடுக்கி, ஆட்டுத்தோல் துருத்தியால் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆறிய பின் உடைத்தால் உள்ளே ஒரு எஃகு வில்லை. குச்சியிலும் இலையிலும் இருந்த கரி இரும்பில் ஏறியதுதான் சூட்சுமம். அதே காலத்தில் இங்கிலாந்தில் இரும்புப் பாளத்தில் கரி ஏற்ற ஒரு வாரத்துக்கு மேல் உலையில் போட்டு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள்.

தாது எங்கிருந்து? கஞ்சமலை எல்லாருக்கும் தெரியும். ஆனால் 1864-இல் வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இரண்டு புவியியலாளர்கள் நம் மாவட்டத்துக் காந்த இரும்புப் பாறைகளை ஐந்து தொகுதிகளாகப் பிரித்தபோது, அதில் ஒன்றின் பெயரிலேயே கொல்லிமலையும் இருக்கிறது. (பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்தாரே, அதே ஃபூட்.) அதாவது நான் ஷெஃபீல்டின் பெருமையைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த அன்று, எங்கள் காலடியிலேயே இரும்பு கிடந்தது. புத்தகத்தில் அது இல்லை, எனக்கும் தெரியாது.

ஹீத்துக்குத் தெரிந்திருந்தது. வேலையை விட்டுவிட்டு 1830-இல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாதுவைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் உருக்கி, ஷெஃபீல்டு எஃகுக்காரர்களுக்கு அனுப்புவது திட்டம். விறகுக்குக் காடு காடாக வெட்டியும் ஆலைக்குக் கட்டுப்படியாகவில்லை, கடைசியில் மூடிவிட்டார்கள். ஹீத் இங்கிலாந்து திரும்பி, எஃகில் மாங்கனீசு சேர்த்தால் தரம் கூடும் என்று 1839-இல் காப்புரிமை வாங்கினார். அந்த முறையால் ஷெஃபீல்டு முதலாளிகள் கொழித்தார்கள். காப்புரிமைக்கு வழக்காடியே ஹீத் 1851-இல் செத்துப்போனார்.

நம் பக்கம் என்ன நடந்தது? மலிவான சீமை இரும்பு கப்பலிலும் பிறகு ரயிலிலும் வந்து இறங்கியது. ஆவாரங்குச்சி உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கொஞ்ச நாளில் ஷெஃபீல்டு முத்திரை போட்ட பேனாக்கத்தி நம் ஊர்க் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. கொல்லன் தெருவில் ஊசி விற்கலாமா என்று பழமொழி சொல்வோம். விற்றார்கள். நாமும் வாங்கினோம்.

இதைப் பிறத்தியார் மேல் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. எல்லா நாட்டுக்கும் இந்தச் சோதனை வந்திருக்கிறது. சுவிட்சர்லாந்து ராணுவம் 1891-இல் சிப்பாய்களுக்கு மடக்குக் கத்தி கொடுக்க நினைத்தபோது, செய்து தர உள்ளூரில் ஆள் இல்லை. முதல் கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்துதான் வந்தன. கார்ல் எல்செனர் என்ற கத்திக்காரர் "நம் சிப்பாய்க்கு நாமே செய்வோம்" என்று இறங்கினார். ஜெர்மன்காரர்கள் விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். எல்செனர் கடனில் மூழ்கினார். ஆனால் விடவில்லை. 1897-இல் அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்திதான் இன்று உலகம் முழுதும் தெரிந்த சுவிஸ் கத்தி. மலிவான சரக்கு பக்கத்திலேயே கிடைத்தபோதும் தன் பட்டறையை மூடாதவர் அவர்.

நம் சேலத்திலும் 1970-இல் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். கஞ்சமலைத் தாதுவை உருக்கப் போகிறார்கள் என்று ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். 1981-இல் உற்பத்தி தொடங்கியபோது, வெளியிலிருந்து வரும் எஃகைத் துருப்பிடிக்காத தகடாக உருட்டும் ஆலையாக அது அமைந்தது. நம் வீட்டுப் பாத்திரங்களுக்கு அது கொடுத்த பெருமை பெரியது. கஞ்சமலை மட்டும் அப்படியே நின்றுகொண்டிருக்கிறது.

இனி கடைசி பெஞ்சுக்காரர்களுக்கு. இத்தனை கதைக்கும் சாரம் ஒன்றுதான்: இரும்பு தெரிந்தவனுக்குத்தான் விலை தெரியும். தெரியாதவனுக்குச் சதவீதம் மட்டும்தான் தெரியும். ஆடியோ தீபாவளியோ பொங்கலோ, தள்ளுபடியில் மடக்குக் கத்தி வாங்குமுன் இவற்றைப் பாருங்கள்.

ஒன்று: சதவீதத்தை மறந்துவிட்டுக் கையிலிருந்து போகும் தொகையைப் பாருங்கள். அதிகபட்ச சில்லறை விலையை எழுதுவது கம்பெனிக்காரர்கள்தான். 2,000 என்று அச்சடித்து 600-க்குக் கொடுத்தால் 70 சதவீதத் தள்ளுபடி. வேண்டிய கத்தியின் விலையை ஒரு மாதம் முன்பே நோட்டில் குறித்து வையுங்கள். விழா நாளில் அதைவிடக் குறைந்தால்தான் தள்ளுபடி.

இரண்டு: எந்த எஃகு என்று பாருங்கள். 420 என்று போட்டிருந்தால் கரி குறைவு. துருப் பிடிக்காது, சாணை சுலபம், ஆனால் சீக்கிரம் மழுங்கும். 440சி என்றால் கரி ஏறக்குறைய ஒரு சதவீதம். பதம் நிற்கும், சாணைக்குப் பொறுமை வேண்டும். கார்பன் ஸ்டீல் என்றால் துடைத்து எண்ணெய் போட வேண்டும், ஆனால் கல்லில் நாலு இழுப்பில் பதம் வரும். வெறும் 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் யோசியுங்கள். 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகைக் கண்டபோது, "வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்" என்று அவரைக் கேலி செய்தார்களாம்.

மூன்று: மூட்டு. விரித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், கடகடவென்றால் வேண்டாம். திருகாணி வைத்த மூட்டு என்றால் தளர்ந்தாலும் முடுக்கிக்கொள்ளலாம்.

நான்கு: பூட்டு. விரித்த கத்தி வேலை நடுவில் மடங்கினால் விரல் போய்விடும். கட்டையில் முதுகுப் பக்கத்தை அழுத்திப் பாருங்கள், மடங்கக் கூடாது. பிரான்ஸில் 1890-இலிருந்து மரப்பிடி போட்ட ஓப்பினெல் கத்தி செய்கிறார்கள். 1955-இல் அதற்கு ஒரு வளையப் பூட்டு சேர்த்தார்கள், அவ்வளவுதான். எளிமையான பூட்டே நல்ல பூட்டு.

ஐந்து: பிளேடு மாற்றும் வகை என்றால், கத்தியின் விலைக்கு முன்னால் பிளேடின் விலையைக் கேளுங்கள். உங்கள் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்காத பிளேடு என்றால், எத்தனை மலிவானாலும் அது ஆறு மாதத்துக் கத்தி.

ஆறு: யார் செய்தது, எந்த நாடு, திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று பாருங்கள். பொட்டலத்தில் வரும் பொருளுக்குத் தயாரித்தவரோ இறக்குமதி செய்தவரோ பெயரும் முகவரியும் போட்டாக வேண்டும் என்பது 2011-ஆம் வருட விதி. ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். திருவிழாக் கடை என்றால் கடைசி நாள் சாயங்காலம் போங்கள். சரக்கை மறுபடி மூட்டை கட்டி மலை இறக்க யாருக்கும் மனசு வராது.

ஏழு: தோட்டத்துக் கத்தி தோட்டத்தில் இருக்கட்டும். விமானத்தில் கைப்பையிலோ, கூட்டமான இடங்களில் சட்டைப் பையிலோ வேண்டாம்.

மருமகன் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். எஃகின் பெயர் இல்லை, செய்தவர் பெயர் இல்லை. 70 சதவீதம் மட்டும் சிவப்பில் கொட்டையாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு இழுப்பறையைத் திறந்து அந்தக் கத்தியை எடுத்தேன். மாட்டுக் கொம்புப் பிடி. அலகு கருத்துப்போய் மேலாகத் துரு. எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்துக் காலையில் சாணைக்கல்லில் தேய்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு பென்சிலை எடுத்துச் சீவினேன். சுருள் சுருளாக வந்தது. மூட்டில் ஒரு துளி ஆட்டம் இல்லை. எந்த ஆடியிலோ யாரோ ஒருவர் பலாப்பழம் விற்ற காசை முடிச்சில் வைத்துக்கொண்டு, தட்டி, சுண்டி, நகத்தில் வாய் பார்த்து வாங்கிய கத்தி அது. அந்தப் படிக்காத மனிதருக்குத் தெரிந்த இரும்பு, வரலாறு படித்த எனக்குத் தெரியவில்லை. அவருடைய மகனைத்தான் நான் ரவுடி என்றேன்.

இந்தப் பதிவை மலை மாணவர்கள் பலர் படிக்கிறீர்கள் என்று தெரியும். 1986-87, ஒன்பதாம் வகுப்பு, மூன்றாவது வரிசை. யார் என்று உங்களில் சிலருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். தயவுசெய்து இங்கே பெயர் எழுதாதீர்கள். அவனிடம் மட்டும் சொல்லுங்கள். ஆடி 18 அன்று மத்தியானம் செம்மேட்டில் ஓரி சிலைக்குப் பக்கத்தில் இருப்பேன். மருமகனும் கூட வருகிறான். அவனுக்கு ஒரு கத்தி பார்த்து வாங்க வேண்டும். எனக்குத் தட்டிப் பார்க்கத் தெரியாது. தெரிந்தவன் கூட இருந்தால் நல்லது.

கத்தியை அவன் கையில் கொடுக்க வேண்டும். அப்பாவைக் கூட்டி வரச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்